குழாயில் தண்ணீர் வராத பேரின்பம்

வீடு கட்டக் கற்றுக்கொண்டது மனித குலத்தின் முதல் பெரும் முன்னேற்றம். கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, வெளியே போய்ச் சேற்றில் படுப்பதற்குக் காசு கொடுக்கக் கற்றுக்கொண்டது இரண்டாவது. முதலாவதைச் செய்தவர் யாரென்று சரித்திரத்தில் பதிவில்லை. இரண்டாவதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் செய்து காட்டியவர் யாரென்று நமக்குத் தெரியும். அவர் பெயர் சிவநேசன். கிள்ளானில் குடியிருப்பு, பிரிக்பீல்ட்ஸில் உத்தியோகம், இரண்டுக்கும் நடுவே ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் காலையும் மாலையும் தியானம்.

'டத்தோ' என்ற அரசுப் பட்டம் வாங்கிய கன்னையாவின் வீடமைப்பு நிறுவனத்தில் சிவநேசன் நெடுங்காலம் 'வாடிக்கையாளர் மனநிறைவுப் பிரிவு'க்குத் தலைவராக இருந்தார். மனநிறைவு உள்ளவர்கள் யாரும் அந்தப் பிரிவுக்கு வந்ததில்லை. நிறுவனம் கட்டிய குறைந்த விலை அடுக்குமாடிகளில் லிஃப்ட் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் ஏறவில்லை, படிக்கட்டில் விளக்கு எரியவில்லை என்று சொல்பவர்களே வந்தார்கள். சிவநேசன் அவர்களை ஏர்கான் குளிரில் உட்காரவைப்பார். குளிர்ந்த தண்ணீர் கொடுப்பார். "ப்ராசஸ்ல இருக்கு" என்பார். வீட்டில் கிடைக்காத தண்ணீர் இங்கே கிடைத்ததால் பலர் ஓரளவு மனநிறைவோடுதான் திரும்பிப் போனார்கள்.

அப்படி ஒரு நாள், ஒரு அம்மாள் அவர் எதிரே உட்கார்ந்து, தண்ணீர் இல்லை, கரண்டு இல்லை, எலி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சிவநேசன் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே மேசைக்குக் கீழே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எங்கோ ஒரு மலையடிவார முகாமின் விளம்பரம் ஓடியது. 'மின்சாரம் இல்லை. குழாய் நீர் இல்லை. காட்டு விலங்குகள் உங்கள் கூடாரத்தைத் தேடி வரும். இந்த மாதம் இடம் இல்லை, அடுத்த மாதமும் இல்லை.' சிவநேசன் கைபேசியைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அழுதுகொண்டு சொன்னார், இன்னொருவர் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்.

மரத்தடியில் ஞானம் பெற்றவர்கள் உண்டு. ஏர்கானுக்கு அடியில் பெற்றவர் எனக்குத் தெரிந்து சிவநேசன் ஒருவர்தான். அடுக்குமாடியில் குழாய் வறண்டு கிடந்தால் அதன் பெயர் 'புகார்'. அதே குழாயைப் பிடுங்கி ஏரிக்கரையில் நட்டுவைத்தால் அதன் பெயர் 'ரஸ்டிக்'.

இந்த உண்மையை அவர் டத்தோவிடம் சொன்னபோது டத்தோ எழுந்து வந்து கைகுலுக்கினார். டத்தோவிடம் காஜாங்கைத் தாண்டி ஒரு நிலம் சும்மா கிடந்தது. மூன்றாவது மைலில் இருந்ததால் மூணாங்கட்டைத் தோட்டம் என்று பெயர் பெற்ற பழைய ரப்பர்த் தோட்டம். ரப்பரை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, செம்பனையையும் வெட்டி, பங்களா கட்ட அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். நடுவே, ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பழைய ஈயக்குட்டை ஒன்று தண்ணீரோடு கிடந்தது. அதைக் குட்டை என்று சொல்பவர்களை டத்தோ மன்னிப்பதில்லை. அது ஏரி. அனுமதி வரும்வரை அங்கே முகாம் நடத்துவது என்று முடிவாயிற்று. சிவநேசன் மனநிறைவுப் பிரிவிலிருந்து உயர்த்தப்பட்டு, 'அனுபவ வடிவமைப்புத் துறை'யின் தலைவரானார். புகார் சொல்ல வந்தவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கும் வேலை அவரோடு ஒழிந்தது. அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை.

முகாமுக்கு 'வனவாசம்' என்று டத்தோவே பெயர் வைத்தார். ஒரு காலத்தில் அரசகுமாரர்களுக்குத் தண்டனையாகக் கொடுத்ததை இனிமேல் டாக்டர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் 'பேக்கேஜ்' ஆகக் கொடுப்பதென்றால், நாடு எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்.

வடிவமைப்புக் கூட்டம் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில், சன்னலைத் திறக்கவே முடியாத ஓர் அறையில் நடந்தது. காட்டைப் பற்றிப் பேசுவதற்கென்றே ரிஷி என்ற இளைஞனை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் சந்தைப்படுத்துதல் படித்தவன். விடுமுறையில் ஒரு தடவை கூடாரத்தில் படுத்தவன். பதவி, 'வன அனுபவ நிபுணர்'.

"இருட்டு எவ்வளவு இருட்டா இருக்கும்?" என்று கேட்டார் டத்தோ.

"ஃபுல் இருட்டு, டத்தோ. கையை நீட்டினா கை தெரியாது."

"டாய்லெட்டுக்கு எப்படிப் போவாங்க?"

"தேடிப் போவாங்க. அதுவே ஒரு ஜர்னி லா, டத்தோ. போர்ட்டபிள் டாய்லெட் ஒண்ணே ஒண்ணு, தூரமா வைக்கிறோம். பக்கத்துல வச்சா ரஸ்டிக் ஃபீல் போயிரும்."

டத்தோ கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தூரத்தை மனத்தில் நடந்து பார்த்தார்.

"கொசு?"

"நிறைய, டத்தோ."

"வெளியிலருந்து கொண்டாரணுமா?"

"இல்ல டத்தோ. எல்லாம் லோக்கல்."

"குட். லோக்கலுக்குத்தான் நாம சப்போர்ட் குடுக்கணும்," என்றார் டத்தோ. சிவநேசன் அதைக் குறித்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஏரிக்கரையின் ஓரத்தில் ஒரு வீடு இருந்தது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது மிச்சம் நின்ற கடைசி வீடு அது. மற்றவர்கள் காஜாங்கிலும் அம்பாங்கிலும் வாடகை வீடு தேடிப் போய்விட்டார்கள். பாலனும் அவன் மனைவி உஷாராணியும் மட்டும் போகவில்லை. பாலன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். உஷாராணி காலையில் ரோட்டோரம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றாள். தோட்டத்தை வாங்கும்போது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு தருவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. அந்த வீடு வரும்வரை இந்த வீடு என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். அனுமதிக்காக நகராட்சி மன்றத்துக்குப் போன வரைபடத்தில், முகாமின் துணிக் கூடாரங்கள் 'நிரந்தர வசதிகள்' என்று பச்சையில் இருந்தன. பாலன் பிறந்து வளர்ந்து தலை நரைக்கத் தொடங்கியிருந்த அந்த வீடு 'தற்காலிகக் கட்டுமானம்' என்று சிவப்பில் இருந்தது.

"சார், வியூ கெட்டுப் போவுது," என்றான் ரிஷி. "சிங்க்கு தகரக் கூரை தெரியுது. கூரை மேல டிஷ் தெரியுது. துணி காயுது. இயற்கைய ரசிக்க வர்றவங்க ஆன்டியோட நைட்டிய எதுக்குப் பாக்கணும்?"

இடைவெளியில் மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டச் சொல்லிவிட்டு, துணி விஷயமாகப் பேசச் சிவநேசனே நேரில் போனார். உஷாராணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"அக்கா, சனி ஞாயிறு மட்டும் துணி வெளிய காயப்போட வேணாம்."

"ஏன் தம்பி?"

"கெஸ்ட்டுங்க வராங்க. இயற்கையா எல்லாத்தையும் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க."

"எங்க துணியும் இயற்கையாத்தான் காயுது. டிரையரா வச்சிருக்கோம்?"

சிவநேசன் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதர் என்றால் சிரித்திருக்க மாட்டார், நோட்டீஸ் நீட்டியிருப்பார்.

"நீங்க இந்த இடத்த விட மனசில்லாம இருக்கீங்கன்னு புரியுது, அக்கா," என்றார் கனிவாக.

"யாரு சொன்னா?" உஷாராணி கத்தியைக் கீழே வைத்தாள். "மழை பெஞ்சா அடுப்படிக்குப் பாம்பு வருது. ரோட்டுக்குப் போவ மோட்டார் சைக்கிள் வேணும். வீட்டுச் சாவிய கையில குடுங்க, அன்னைக்கே லோரிய கூப்பிட்டு ஏத்திக்கிட்டுப் போயிருவோம். எனக்கு மேல் மாடிதான் வேணும், சொல்லிப்புட்டேன். காத்து நல்லா வரும். லிஃப்ட் இருக்கும்ல?"

"இருக்கும்."

"ஓடுமா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் எதிர்கொண்டவர் சிவநேசன். ஆனால் எல்லாம் அவருடைய ஏர்கானில், அவருடைய நாற்காலியில். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லிப் பழக்கமில்லை. அடுக்குமாடி வரவேண்டிய மனையில் இப்போது பங்களாக்களுக்கான விற்பனைக் காட்சியகம் நிற்கிறது என்பதும், அதற்கு ரிப்பன் பிடித்தவர்களில் தாமும் ஒருவர் என்பதும் அவருக்கு நினைவு வந்தது. 

"ப்ராசஸ்ல இருக்கு, அக்கா," என்றார்.

"சரி தம்பி. பசியாறிட்டுப் போங்க," என்றாள் உஷாராணி.

'வனவாச'த்தின் முன்னோட்டம் ஒரு சனிக்கிழமை நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட விருந்தினர்கள் மட்டும். தோல் வைத்தியர் ஒருவர், வழக்கறிஞர்கள் இரண்டு பேர், யோகா சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்மணி, இவர்களோடு கைபேசியில் பல ஆயிரம் பேரைப் பின்னால் வரவழைத்திருந்த சில இளைஞர்கள். டத்தோவும் வந்திருந்தார். எல்லோரும் மலையேறும் பெரிய பெரிய வண்டிகளில் வந்து, மலையே இல்லாத சமவெளியில் நிறுத்தினார்கள். இயற்கையோடு வெறுங்கையாக இருப்பதற்காக அவர்கள் கொண்டுவந்த சாமான்களை இறக்கவே வெகுநேரம் பிடித்தது. மடக்கு மேசை, மடக்குக் கட்டில், மின்கல விசிறி, காப்பி இயந்திரம். தோல் வைத்தியர் ஒரு கம்பளம் கொண்டுவந்திருந்தார்.

சிவநேசன் தம் மனைவி லோகேஸ்வரியை அழைத்து வந்திருந்தார். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வாரம் முழுக்க இரைச்சலில் இருப்பவள், கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும் என்று அவராகவே ஏற்பாடு செய்தது. லோகேஸ்வரி கூடாரத்துக்குள் தலையை மட்டும் நுழைத்துப் பார்த்தாள்.

"இதுல எங்க நிமிர்ந்து நிக்கிறது?"

"நிமிரக் கூடாது, லோகா. தவழ்ந்துதான் உள்ள போவணும். அப்பத்தான் மண்ணோட ஒரு தொடர்பு வரும்."

"எனக்கு முட்டி வலி இருக்கு. மண்ணோட தொடர்பெல்லாம் பின்னால தானா வரும்," என்றாள் அவள்.

டத்தோ மைக் பிடித்து உரையாற்றினார். நாம் எல்லோரும் எளிமையை மறந்துவிட்டோம் என்றார். தேவைகளைக் குறைத்துக்கொண்டவனே செல்வந்தன் என்றார். மைக்குக்கு மின்சாரம் மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து, பாலன் வீட்டுச் சன்னல் வழியாக ஒரு நீண்ட வயரில் வந்தது. அடுத்து மௌன நேரம் என்று ரிஷி அறிவித்தான். கைபேசியை அணைத்துவிட்டு நீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் நீரையே பார்ப்பதை எல்லோரும் படம் எடுத்தார்கள்.

சாயங்காலம் மழை வந்தது. நம் ஊர் மழை எப்படி வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் விருந்தினர்கள் அதை இதுவரை கண்ணாடிக்கு உள்ளேயிருந்து மட்டுமே பார்த்திருந்தார்கள். முதல் காற்றுக்கே வழக்கறிஞர்களின் கூடாரம் கழன்று, ஏரியில் போய் உட்கார்ந்தது. மற்றவை நின்ற இடத்திலேயே நிரம்பின. தோல் வைத்தியரின் கம்பளம் அவரையும் சுமந்துகொண்டு மெல்ல நகர்ந்தது. செம்மண் கரைந்து எல்லோர் முழங்காலுக்கும் ஏறியது. அட்டைகள் வந்தன. அவையும் லோக்கல்.

அதே வேளையில், விருந்தினர்கள் பகலெல்லாம் குடித்திருந்த முகாமின் 'தூய ஊற்று நீர்' வயிற்றுக்குள் வேலை செய்யத் தொடங்கியது. 'இயற்கை உங்களை அழைக்கிறது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அழைப்பு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வந்தது. தூரத்திலிருந்த போர்ட்டபிள் டாய்லெட், முதல் ஆள் போய்ச் சேர்வதற்குள் சாய்ந்து படுத்துவிட்டது.

"சார், எல்லாரும் அமைதியா இருக்கச் சொல்லுங்க. இதுதான் ஆத்தென்டிக் மொமென்ட்," என்று மழையில் நனைந்தபடி ரிஷி கத்தினான்.

"அங்க லைட்டு எரியுது," என்றாள் லோகேஸ்வரி.

அவ்வளவுதான். யார் முதலில் ஓடியது என்று இன்றுவரை சர்ச்சை இருக்கிறது. எல்லோரும் ஓடினார்கள். வழியில் நின்ற மூங்கில் தட்டி, வியூவைக் காப்பாற்ற எழுப்பிய தட்டி, வழக்கறிஞர் ஒருவரின் தோள் பட்டுக் கீழே விழுந்தது. மற்றவர்கள் அதன்மேல் ஏறி ஓடினார்கள்.

உஷாராணி கதவைத் திறந்தாள். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "செருப்ப வெளிய கழட்டிப் போட்டுட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

கூரை ஒழுகவில்லை. விசிறி ஓடியது. குழாயைத் திருகினால், நம்புவீர்களா, தண்ணீர் வந்தது. பாலன் மறைவாகத் திரும்பி நிற்க, உஷாராணி அலமாரியைத் திறந்து வீட்டில் இருந்த கைலிகள், நைட்டிகள், துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். லோகேஸ்வரிக்குப் பூப்போட்ட நைட்டி ஒன்று. பெரிய பானையில் பாலில்லாத தேநீரான தே ஓ கொதித்தது. நாளைக் காலை வியாபாரத்துக்கு வைத்திருந்த சம்பல், நெத்திலி, முட்டை எல்லாம் அன்றே தீர்ந்தன. கழிவறை வாசலில் வரிசை வளைந்து நின்றது. இரண்டு வழக்கறிஞர்களும் யார் முன்னால் வந்தது என்பதை அங்கேயே வாதாடித் தீர்த்துக்கொண்டார்கள். ஜெயித்தவர் உள்ளே போனார், தோற்றவர் கதவைத் தட்டி மேல்முறையீடு செய்துகொண்டிருந்தார்.

டத்தோ பாலனுடைய கைலியைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணமிட்டு, இரண்டாவது தட்டுச் சோற்றைச் சாப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப நாளைக்கப்புறம் இப்படி நிம்மதியா உக்காந்திருக்கேன் லா," என்றார்.

பாலன் தொண்டையைச் செருமினான். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. "டத்தோ, நம்ம ஃப்ளாட்டு விஷயம். கொஞ்சம் என்னானு பாத்துச் சொன்னீங்கன்னா..."

டத்தோ சாப்பிட்ட கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். மறு கையை அவன் தோளில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. சம்பலும் காரம்தான்.

"பாலன், இந்த வீட்ட நான் மறக்கவே மாட்டேன்."

உஷாராணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சிவநேசனுக்கும் நெஞ்சு நிறைந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு ப்ராசஸ் உண்மையாகவே நகர்கிறது என்று நினைத்தார். டத்தோ சொன்ன சொல் மாறாதவர். அந்த வீட்டை அவர் மறக்கவே இல்லை.

திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கூட்டம். விருந்தினர்களின் கருத்துகளை ரிஷி திரையில் காட்டினான். கூடாரத்தைப் பற்றி எழுதியவர்கள் எழுதியதைச் சபையில் படிக்க முடியாது. ஆனால் கடைசிப் பகுதியை எல்லோரும் ஒரே மாதிரி புகழ்ந்திருந்தார்கள். 'உண்மையான அனுபவம்.' 'கூரைமேல் மழைச் சத்தம், கையில் சுடு தே ஓ.' 'அந்தச் சின்ன வீட்டில் மறுபடியும் தங்க எப்படிப் பதிவு செய்வது?'

"பாத்தீங்களா," என்றார் டத்தோ. "நாம தப்பான பொருள வித்துக்கிட்டிருக்கோம். டெண்டு இல்ல சரக்கு. வீடுதான் சரக்கு."

"லயம் ஹெரிட்டேஜ் ஸ்டே," என்றான் ரிஷி. அதற்குள் படமே வரைந்திருந்தான். சிங்க்கு கூரை அப்படியே இருக்கும், மேலே துருவுக்கு மட்டும் நிறம் அடிப்பார்கள். துணி காயும் கயிறு இருக்கும், அதில் அழகான பழைய கைலிகள் எப்போதும் தொங்கும். "டிஷ்ஷை மட்டும் எடுத்துரலாம். நாசி லெமாக்குக்கு ஆன்டியையே சமையலுக்கு வச்சுக்கலாம், டத்தோ. யூனிஃபார்ம் குடுப்போம்."

"அப்ப அவங்க எங்க இருப்பாங்க?" என்று சிவநேசன் கேட்டார்.

அறை அவரைத் திரும்பிப் பார்த்தது.

"அவங்களுக்குச் சொல்லியிருந்த ஃப்ளாட்டு இன்னும் கட்டவே இல்லியே, டத்தோ," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சனிக்கிழமை குடித்த தே ஓ இன்னும் வயிற்றில் இருந்ததோ என்னவோ.

"அதான் ப்ராசஸ்ல இருக்கே, சிவா," என்றார் டத்தோ.

தம் வாழ்நாள் முழுக்கப் பிறருக்குக் கொடுத்த மருந்தைச் சிவநேசன் அன்றுதான் முதன்முதலாகக் குடித்துப் பார்த்தார். கசந்தது. உள்ளே ஏதோ ஒன்று அறுந்தது. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் சேர்ந்த நாள்முதல் செய்யாத காரியத்தைச் செய்தார். டத்தோவைக் கிண்டல் செய்தார்.

"அதுக்கென்ன, டத்தோ. நம்மகிட்டதான் டெண்டு சும்மா கிடக்குதே. அவங்கள அதுல போய் படுத்துக்கச் சொல்லிரலாம்."

 சிவநேசன் தம் குறிப்பேட்டை மூடிவைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தார். போனால் போகட்டும் என்றும், ஒரு கணம், நினைத்தார். அந்தக் கணத்தில் அவர் உண்மையாகவே பெரிய மனிதராக இருந்தார். நான் அதைப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டத்தோ எழுந்து நின்றார்.

"பிரில்லியண்ட்," என்றார்.

கைதட்டல் மேசையைச் சுற்றி ஓடியது. ரிஷி உடனே திரையில் தட்டினான்: 'சமூக மறுகுடியமர்வுத் திட்டம்: இயற்கையின் மடியில்.' கருத்து உரிமை, சிவநேசன். டத்தோ வந்து மறுபடியும் அவர் கையைக் குலுக்கினார். சிவநேசன் வாயைத் திறந்தார். கைதட்டல் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று மூடிக்கொண்டார். கைதட்டல் முடிந்தபோது அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

"நான் கிண்டலாத்தான் சொன்னேன்," என்றார் வீட்டில், லோகேஸ்வரியிடம்.

"கிண்டல்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அதுக்குள்ள கை தட்டிட்டாங்க."

லோகேஸ்வரி மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தட்டி முடிச்சப்புறம்?"

"மூடு நல்லா இருந்துச்சு, லோகா. கெடுக்க வேணாம்னு..."

அவள் பேனாவை மூடினாள். உள்ளே போய், துவைத்துத் தேய்த்து மடித்த பூப்போட்ட நைட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "நீங்க அங்க போறப்ப அந்தக்காகிட்ட குடுத்துருங்க. நான் வரல. எனக்கு அவங்க மூஞ்சியில முழிக்க முடியாது."

பாலன் வீட்டுக்கு நோட்டீஸ் முறைப்படி போயிற்று. 'அத்துமீறிக் குடியிருப்போர்' என்று தொடங்கும் அந்த அழகிய கடிதத்தை எழுதியவர், கழிவறை வாசலில் வழக்கில் ஜெயித்த அதே வழக்கறிஞர். உஷாராணி கொடுத்த கைலி இன்னும் அவர் காரின் பின் இருக்கையில்தான் கிடந்தது. பாலன் பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போனான். எல்லா இடத்திலும் உட்காரவைத்தார்கள். சில இடங்களில் தண்ணீரும் கொடுத்தார்கள். கடைசியில் அவன் பிரிக்பீல்ட்ஸுக்கே வந்து மனநிறைவுப் பிரிவைக் கேட்டான். அந்த அறை இப்போது கூடாரங்கள் வைக்கும் கிடங்கு.

சாவி ஒப்படைக்கும் நாளை விழாவாகவே நடத்தினார்கள். பந்தல் போட்டு, பதாகை கட்டி, புகைப்படக்காரரை வைத்திருந்தார்கள். ஏரிக்கரையில், தண்ணீருக்கு மிக அருகே, டத்தோவின் வார்த்தையில் 'பிரீமியம் லொகேஷன்'இல், புத்தம்புதிய கூடாரம் ஒன்று எழும்பியிருந்தது. வாசலில் சிவப்பு ரிப்பன். பக்கத்தில் புல்தரையில் பாலன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நின்றது. சொருக ஓர் இடமில்லாமல் அதன் வயர் புல்லில் நீண்டு கிடந்தது. அலமாரி நின்றது. பானைகள், விசிறி, சாமி படங்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். விருந்தினர் யாராவது இவ்வளவு சாமானோடு முகாமுக்கு வந்திருந்தால் ரிஷி பாராட்டியிருப்பான்.

டத்தோ பேசினார். வீடு என்பது சுவரில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்றார். இந்தத் தம்பதி தேவைகளைக் குறைத்துக்கொண்டு நமக்கு வழி காட்டுகிறார்கள் என்றார். மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கும் வாழ்வை நிறுவனம் இவர்களுக்கு இலவசமாகவே தருகிறது என்றார். இப்படி ஒரு யோசனை உதித்த மூளையை மேடைக்கு அழைக்கிறேன் என்றார். சிவநேசன் நைட்டிப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடை ஏறி, மாலை வாங்கிக்கொண்டு இறங்கினார். அவரைத்தான் கத்தரிக்கோலோடு கூடாரத்துக்கு அனுப்பினார்கள்.

ரிப்பன் அறுந்தது. பாலன் கூடாரத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். உஷாராணி குனிந்து, முட்டி போட்டு, தவழ்ந்து உள்ளே போனாள்.  துணிச் சுவரில் அவள் கை எங்கெல்லாமோ தடவிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. சன்னலைத் தேடினாளோ, விளக்குச் சுவிட்சைத் தேடினாளோ. பிறகு தவழ்ந்தபடியே வெளியே வந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"சிரிங்க ஆன்டி, இந்தப் பக்கம்," என்றார் புகைப்படக்காரர்.

அவள் சிவநேசனைப் பார்த்தாள். கோபம் இல்லை. விவரம் கேட்கிறவளின் முகம்தான்.

"சார்," என்றாள். தம்பி என்று சொல்லவில்லை. "கேட்டுல போர்டு போட்டிருக்கு, டெண்டுல தங்குறவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் செக்-அவுட் பண்ணிறணும்னு. அவங்கள்லாம் அவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. நாங்க எப்ப சார் செக்-அவுட்?"

அனுபவ வடிவமைப்புத் துறையின் தலைவர் டத்தோவைத் தேடினார். டத்தோ காரில் ஏறிக்கொண்டிருந்தார். நாக்கு நுனியில் அந்தப் பழைய வாக்கியம் வந்து நின்றது. அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. நல்லவேளையாகப் பக்கத்தில் ரிஷி இருந்தான்.

"உங்களுக்கு லேட் செக்-அவுட், ஆன்டி," என்றான் அன்போடு. "காம்ப்ளிமெண்டரி."

பந்தலில் எல்லோரும் கைதட்டினார்கள். சிவநேசனும் தட்டினார். பொட்டலம் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தால் கைதட்டுவது நின்றுவிடும் என்பதால், அவர் எடுக்கவில்லை.